பழைய கைப்பேசியைக் கேட்கும் முன் அதன் சாவியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கைப்பேசிகளைச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்குமாறு மலை மாவட்ட மக்களைக் கேட்டுக்கொண்டு தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேண்டுகோளில் தவறில்லை. லித்தியம் பேட்டரியைக் குப்பையோடு குப்பையாக ஓடையோரம் கொட்டுவதைவிட அது நூறு மடங்கு மேல். ஆனால் ஒரு கைப்பேசி எப்போது கழிவாகிறது, அதைக் கழிவாக்குவது யார் என்ற கேள்விக்குள் அந்தக் கட்டுரை போகவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்துவிட்டு இப்போது கோத்தகிரிக்கு அருகே ஓய்வில் இருக்கும் நான், கடந்த சில மாதங்களில் என் மேசை இழுப்பறையில் கிடந்த இரண்டு கைப்பேசிகளோடு பட்ட பாட்டிலிருந்து சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

முதல் கைப்பேசி 2015ஆம் ஆண்டு வாங்கியது. ஸ்னாப்டிராகன் 410 சில்லு, ஒரு ஜிபி ரேம், பின்மூடியை நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும் பேட்டரி, ஆண்ட்ராய்டு 4.4 இயங்குதளம். என் மனைவி அதைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தினார். பெண்ணோடு பேசுவதற்கும், பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை என்று வாட்ஸ்அப் குழுவில் பார்ப்பதற்கும் அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4 கருவிகளுக்கு வாட்ஸ்அப் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டதும் அது இழுப்பறைக்குப் போயிற்று. அதற்கு முன்பே பல இணையத்தளங்களைத் திறந்தால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று திரையில் எச்சரிக்கை வரத் தொடங்கியிருந்தது. தளங்களில் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரணம் வேறு. இணையத்தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்களை நம்பலாமா, கூடாதா என்று தீர்மானிப்பதற்கு ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒரு மூலச் சான்றிதழ்ப் பட்டியல் இருக்கிறது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1 பதிப்புக்கு முந்தைய கருவிகளின் பட்டியலில் கிடையாது. அது வேறொரு பழைய சான்றிதழின் தோளில் ஏறித்தான் அந்தக் கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய சான்றிதழின் காலம் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. பழைய ஆண்ட்ராய்டு கருவிகளுக்காக மட்டும் செய்யப்பட்ட இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அதாவது, சில கிலோபைட் அளவுள்ள ஒரு பட்டியலை எவரும் புதுப்பிக்காததால்தான், திரையும் சில்லும் ஒலிபெருக்கியும் நல்ல நிலையில் இருந்த ஒரு கருவி அந்தத் தளங்களின் முன் ஊமையாகிப் போனது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த, இயங்குதளத்தின் மையக்கருவான லினக்ஸ் கெர்னலோ 3.10 என்ற பதிப்பு. 2013இல் வெளிவந்து, 2017 நவம்பரில் பராமரிப்பு முடிந்துபோன பதிப்பு அது. எங்கள் கைப்பேசி அதற்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலின் மீது கட்டப்பட்டதுதான் என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், கைப்பேசி தயாரிப்பாளர்கள் ஏதோ ஓர் ஆண்டின் கெர்னலை எடுத்து, சில்லு நிறுவனம் தந்த ஒட்டுகளையெல்லாம் அதன்மேல் ஒட்டி, அதோடு நின்றுவிடுகிறார்கள் என்பது. லினக்ஸ் உருவாக்குநர்கள் வெளியிடும் மூலக் கெர்னல் ஆண்டுக்கு ஐந்தாறு முறை புதுப்பிக்கப்பட்டு முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. கைப்பேசியில் உள்ளது வாங்கிய நாளிலேயே உறைந்து நிற்கிறது. இந்த உறைவைக் கரைப்பதற்கென்றே 2017 மே மாதம் தொடங்கப்பட்டதுதான் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இயங்குதளம். ஆல்பைன் லினக்ஸ் என்ற மிகச் சிறிய லினக்ஸ் பகிர்வை அடித்தளமாகக் கொண்டது. ஒரு கைப்பேசிக்குப் பத்தாண்டு ஆயுள் என்பதைத் தன் இலக்காக அறிவித்துக்கொண்டு புறப்பட்டது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே உழைத்து, பழைய கருவிகளில் மூலக் கெர்னலையே ஓட வைக்கிறார்கள். ஸ்னாப்டிராகன் 410 சில்லு கொண்ட கருவிகள் அவர்களுக்கு நன்கு பழகிப்போனவை; என் கைப்பேசியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

தனித்தனியே உழைக்க வேண்டியிருப்பது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பறைப் பழக்கம் விடவில்லை. ஒரு மடிக்கணினியில் லினக்ஸை நிறுவும்போது, தன்னுள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்பதைக் கணினியே பெரும்பாலும் எடுத்துச் சொல்லிவிடும். கைப்பேசி அப்படிச் சொல்வதில்லை. தொடுதிரை எந்தக் கம்பியில் இணைந்திருக்கிறது, எந்த மின்னழுத்தத்தில் விழிக்கும், அதிர்வு மோட்டார் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் டிவைஸ் ட்ரீ எனப்படும் ஒரு கோப்பில் எழுதிக் கெர்னலிடம் கொடுக்க வேண்டும். ஒரே சில்லைக் கொண்ட இரண்டு கைப்பேசிகளுக்குக்கூட இந்தக் கோப்பு வேறு வேறு. கெர்னலைத் தம் கருவியில் வைத்து விற்பவர்கள் அதன் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும் என்று அதன் ஜிபிஎல் உரிமம் சொல்கிறது. கொடுப்பவர்களும் உண்டு, ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் உண்டு. கேமரா போன்ற உறுப்புகளுக்கான விவரக் குறிப்புகள் பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை.

நிறுவிய கதைக்கு வருகிறேன். அதற்கு நான் பயன்படுத்திய கணினி, என் மகள் 2012இல் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. விண்டோஸோடு, மத்திய அரசின் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே அதில் வந்தது. அந்த விண்டோஸ் பதிப்பின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதே மடிக்கணினியில் இன்றைய டெபியன் லினக்ஸ் ஓடுகிறது, மெதுவாகத்தான், ஆனாலும் ஓடுகிறது. அதில் வேறோர் இயங்குதளத்தை நிறுவுவதற்கு நான் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

பிஎம்பூட்ஸ்ட்ராப் என்ற கருவியை மடிக்கணினியில் நிறுவி இயக்கினால், அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறது: எந்த நிறுவனத்தின் கருவி, எந்த மாதிரி, எந்த முகப்பு வேண்டும், பயனர் பெயர் என்ன. பதில் சொல்லச் சொல்ல, அந்தக் கைப்பேசிக்கே உரிய இயங்குதளப் பிம்பத்தை, அதாவது நிறுவுவதற்கு ஆயத்தமான கோப்பை, தானே கட்டித் தருகிறது. பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ஃபாஸ்ட்பூட் நிலைக்கு, அதாவது வெளியிலிருந்து இயங்குதளத்தை எழுதக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்து, யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைக்க வேண்டும். முதலில் எல்கே2என்டி என்ற சிறிய துவக்கி, அதன் பின் முழு இயங்குதளம் என்பது வரிசை.

எழுதும்போது இவ்வளவு எளிது. நடைமுறையில் முதல் இரண்டு மணி நேரம் மடிக்கணினிக்குக் கைப்பேசி கண்ணிலேயே படவில்லை. கட்டளைகளை மாற்றிப் பார்த்தேன், மடிக்கணினியை அணைத்து எழுப்பினேன், ஃபாஸ்ட்பூட் திரை தோன்றிய பிறகும் பொத்தான்களை விடாமல் அழுத்திப் பார்த்தேன். கடைசியில் குற்றவாளி அந்தக் கேபிள் என்று தெரிந்தது. பேருந்து நிலையத்தருகே ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய அந்தக் கேபிளில் மின்சாரம் செல்லும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருந்தன. தரவு செல்லும் கம்பிகளே இல்லை. நாற்பது பேருக்கு மின்சுற்று வரையக் கற்றுக்கொடுத்தவன் கேபிளைச் சந்தேகிக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அடுத்த தடை எங்கள் ஊருக்கே உரியது. இயங்குதளம் பாதி எழுதப்பட்டிருந்த நேரத்தில், வெளியே காற்றில் ஏதோ ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்திருக்க வேண்டும், மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது அந்த நொடியே அணைந்தது. கைப்பேசியின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் அதே இரண்டு பொத்தான்களை அழுத்தினேன். ஃபாஸ்ட்பூட் திரை வந்தது. ஏனெனில் நாம் எழுதுவது இயங்குதளம் இருக்கும் பகுதிகளில்தான். தயாரிப்பாளர் வைத்த முதல் துவக்கியைத் தொடுவதே இல்லை. அது உயிரோடு இருக்கும்வரை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். தொடங்கினேன். அன்றிரவு, பதினோராண்டுக் கைப்பேசியில் கட்டளை வரி ஒளிர்ந்தபோது, அதில் இருந்தது அண்மையில் வெளியான கெர்னல்.

இதைப் படித்துவிட்டு எவரேனும் தம் கைப்பேசியை இன்றே கையில் எடுப்பாரானால், அவருக்குச் சில எச்சரிக்கைகள். கருவியில் உள்ள புகைப்படம், தொடர்பு எண், குறுஞ்செய்தி அனைத்தும் அழிந்துவிடும். முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் இதில் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. என் கருவியில் கேமரா வேலை செய்யவில்லை. தொலைபேசி அழைப்பும் மலையில் நம்பத்தக்கதல்ல: ஜியோ போன்ற, 2ஜியும் 3ஜியும் இல்லாத வலைப்பின்னலில், 4ஜி அலைவரிசையிலேயே குரலையும் அனுப்பும் முறை தேவைப்படுகிறது, பழைய கைப்பேசியில் லினக்ஸ் அதைச் செய்வது இன்னும் பெரும்பாலும் கைகூடாத காரியம். ஆயத்தப் பிம்பத்தை இறக்கி நிறுவுபவர்கள், எல்லாருக்கும் தெரிந்த 147147 என்ற தொடக்கக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும். உப்பிய பேட்டரி இருந்தால் எதையும் தொடங்கவே கூடாது. என் பேட்டரி சற்றே உப்பியிருந்தது. மேசைமேல் வைத்துச் சுண்டினால் பம்பரம்போல் சுற்றியது. அதைச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிட்டு, கோயம்புத்தூருக்குப் போன நண்பரிடம் சொல்லிப் புதியது வாங்கினேன்.

அன்றாடத் தேவைக்கே கைப்பேசி வேண்டுமென்பவர்களுக்கு லீனியேஜ்ஓஎஸ் பொருத்தமானது. சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு 2016 டிசம்பரில் நின்றுபோனபோது அதிலிருந்து கிளைத்தது. ஆண்ட்ராய்டாகவே இருப்பதால் பெரும்பாலான செயலிகள் அதில் ஓடும். கனானிக்கல் நிறுவனம் 2017 ஏப்ரலில் கைவிட்ட உபுண்டு டச் என்ற கைப்பேசி லினக்ஸை யுபிபோர்ட்ஸ் என்ற சமூகம் எடுத்து வளர்த்து வருகிறது. அதையும் சிலர் விரும்புகிறார்கள். கைப்பேசியாக இனி வேண்டாம், சிறு கணினியாக இருந்தால் போதும் என்பவர்களுக்குத்தான் நான் செய்தது.

அழைக்க முடியாத, படம் பிடிக்க முடியாத கைப்பேசியால் யாருக்கு என்ன பயன் என்று என் மனைவியும் கேட்டார். எங்கள் ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், மாலை நான்கு மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டும் ஒரு படிப்பகம் இருக்கிறது. வைஃபை இணைப்பு உண்டு, காகிதத்தில். வடகிழக்குப் பருவமழையில் குஞ்சப்பனைப் பக்கம் மரமோ மண்ணோ சரிந்தால், சாலையோரக் கேபிளும் சேர்ந்தே அறுந்துவிடும்; இணையம் திரும்ப இரண்டு நாளும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம். சிறு யுபிஎஸ் பெட்டியின் தயவில் வைஃபை ரூட்டர் மட்டும் பச்சை விளக்கோடு வீணாக எரிந்துகொண்டிருக்கும். இப்போது அந்த ரூட்டருக்கு அருகில், சுவரில் அடித்த ஒரு சிறிய பலகையில், எங்கள் பழைய கைப்பேசி சாய்ந்து நிற்கிறது. அதில் 32 ஜிபி மெமரி கார்டு. கிவிக்ஸ் என்ற மென்பொருளின் வழியாக, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் அதில் இருக்கிறது. பாடநூல் கழகம் இலவசமாக இணையத்தில் வைத்துள்ள மேல்நிலை வகுப்புப் பாடநூல்களையும், 1998 முதல் மதுரைத் திட்டம் தட்டச்சு செய்து திரட்டிய இலக்கிய நூல்களில் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் தம் கைப்பேசியின் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினால் போதும், இணையம் அறுந்திருந்தாலும் இவை அனைத்தும் திறக்கும். நாள் முழுக்க சார்ஜரில் கிடந்தால் பேட்டரி மறுபடி உப்பும் என்பதால், படிப்பகத்தைப் பூட்டுபவரே கைப்பேசியை அணைத்து, சார்ஜரையும் பிடுங்கிவிட்டுப் போகிறார்.

ஒரு நாள், மழையில் நனைந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வரையாட்டைப் பற்றி அதில் தேடிப் படித்துவிட்டு, அந்தப் பலகையருகே போய்க் கைப்பேசியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். 'சார், இதுக்குள்ளயா இவ்வளவும் இருக்கு? சுடவே இல்லையே!' என்றாள். முன்பு இதே கைப்பேசியைக் கடைத்தெருவில் விசாரித்தபோது, கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், 'நூத்தம்பது தரேன், வெச்சுட்டுப் போங்க' என்று சொல்லியிருந்தார்.

இனி இரண்டாவது கைப்பேசி. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான். 2019இல் என் மகன் வாங்கியது. முதலாவதைப்போல நான்கு மடங்கு ரேம், பல மடங்கு வேகமான சில்லு, தெளிவான பெரிய திரை. கீறல்கூட இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் வங்கிக் கணக்கை அதில் வைக்கப் பயந்து அவன் வேறொன்று வாங்கிக்கொண்டான். முதல் கைப்பேசியே இவ்வளவு செய்கிறதென்றால் இது என்னவெல்லாம் செய்யும் என்ற ஆசையோடு அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கேபிள், பகல் வெளிச்சம், அன்றைக்கு மின்சாரமும் போகவில்லை. பயன் இல்லை. அதன் பூட்லோடர் பூட்டப்பட்டிருக்கிறது.

பூட்லோடர் என்பது கருவி விழித்தவுடன் முதலில் ஓடும் சிறு நிரல்; முன்பு துவக்கி என்று சொன்னது இதைத்தான். எந்த இயங்குதளத்தை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காவலன். அது பூட்டப்பட்டிருந்தால், தயாரிப்பாளரின் முத்திரை பெற்ற இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் ஏற்காது. என் முதல் கைப்பேசியில் அந்தப் பூட்டு திறந்தே இருந்தது. இரண்டாவதைத் திறக்க வேண்டுமானால் தயாரிப்பாளரின் செயலி வழியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அந்தச் செயலி இந்த மாதிரியை இப்போது ஏற்பதில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன்; மூன்று முறையும், புதிய மாதிரிகளை வாங்கலாம் என்று பணிவோடு பதில் வந்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருள், ரசீதுகூடப் பத்திரமாக இருக்கிறது. சாவி மட்டும் விற்றவரிடமே இருக்கிறது.

எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஹுவாவே நிறுவனம் பூட்டைத் திறக்கும் குறியீடுகளை வழங்குவதை 2018இல் நிறுத்தியது. எல்ஜி நிறுவனம் 2021இல் கைப்பேசித் தொழிலைவிட்டே வெளியேறி, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியோடு தன் பூட்டுத் திறப்புச் சேவையையும் மூடியது. கடையை மூடிவிட்டுச் சாவியையும் கையோடு கொண்டுபோவது வணிகத்தில் எந்த வகை நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

பூட்டு பாதுகாப்புக்காகத்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை, திருடியவனோ தீநிரல் எழுதியவனோ இயங்குதளத்தை மாற்றிவிடாமல் அது காக்கிறது. பூட்டைத் திறந்த கருவியில் அந்தக் காவல் குறையும் என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் ஆண்ட்ராய்டு கருவிகளில் பூட்டைத் திறக்கும்போதே உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழிக்கப்படுவதுதான் வழக்கம். திருடியவனுக்கு அதனால் நம் புகைப்படமோ கடவுச்சொல்லோ கிடைத்துவிடாது. தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும் காலம்வரை பூட்டு இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. புதுப்பிப்பை நிறுத்திய பிறகும் பூட்டை மட்டும் வைத்திருந்தால் அது யாரைக் காக்கிறது? ஓட்டைகள் அடைபடாத பழைய ஆண்ட்ராய்டைத்தான் அது பத்திரமாகக் காவல் காக்கிறது.

மேலே மடிக்கணினியைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். 2012ஆம் ஆண்டின் அரசு மடிக்கணினி இன்றும் உழைக்கிறது, 2019இல் வாங்கிய, அதைவிட வேகமான கைப்பேசி உழைக்க மறுக்கிறது. இரண்டும் கணினிகள்தாம். ஒன்றில் உரிமையாளருக்கு உள்ள உரிமை மற்றதில் இல்லாமல் போனதற்கு அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தேன். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளர் விற்ற கருவிகளில் குறிப்பிட்ட அளவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அவர்மேலேயே சுமத்துகின்றன. பழுதுநீக்கிப் புதுப்பிப்பதையும் அவை ஏற்கின்றன. நல்லது. ஆனால் புதுப்பிக்கும் கடைக்காரரால் திரையை மாற்ற முடியும், பேட்டரியை மாற்ற முடியும். பூட்டிய பூட்லோடரின் முன் அவரும் என்னைப்போல் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகளை வழங்க வேண்டும் என்பது சட்டம். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை, கருவிகளின் பழுதுநீக்கத் தகுதியை மதிப்பெண்ணிட்டுக் காட்டும் குறியீட்டுக்காக 2024இல் ஒரு குழுவை அமைத்தது. மென்பொருள் புதுப்பிப்பும் அதில் ஓர் அளவுகோலாக இடம்பெற்றது. அந்த அளவுகோலோடு பூட்டுச் சாவியும் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. புதுப்பிப்பை நிறுத்தும் நாளிலிருந்து அந்த மாதிரியின் பூட்டை, விண்ணப்பமோ கட்டணமோ இன்றி, உரிமையாளரே திறந்துகொள்ளத் தயாரிப்பாளர் வழிசெய்தாக வேண்டும்.

மத்திய அரசு செய்யும்வரை மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு அண்மையில் கையடக்கக் கணினிகளை வழங்கியிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் அவற்றுக்கும் புதுப்பிப்புகள் நிற்கும். நிற்காத கருவி இதுவரை பிறக்கவில்லை. அப்போது அவை பள்ளிப் பீரோக்களில் அடுக்கப்படுமா, வகுப்பறை நூலகமாக மறுபிறவி எடுக்குமா என்பது பூட்டைப் பொறுத்தது. மொத்தமாக வாங்கும்போது விலையைப் பேரம் பேசும் அரசு, சாவியையும் ஒப்பந்தப் புள்ளியில் ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம். ஒற்றை நுகர்வோராகிய எனக்கு மூன்று கடிதத்துக்கும் ஒரே பதில் அனுப்பியவர்கள், அவ்வளவு பெரிய வாடிக்கையாளருக்கு அப்படி அனுப்பத் துணிய மாட்டார்கள்.

நீலகிரிக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு என்று நினைக்கிறேன். காலி மது பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, 2022இல் முதன்முதலாக நம் மாவட்டத்தில்தான் வந்தது. யானை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த திட்டம், பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. சோதனைச் சாவடியில் சுற்றுலாப் பயணியின் பையைத் திறந்து நெகிழித் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொள்ளும் மாவட்டம் இது. அப்படிப்பட்ட இடத்தில் மின்கழிவு முகாம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் போடும் முன், அதன் மாதிரியைப் பார்த்து, பூட்டு திறந்திருக்கிறதா, அதற்கு லீனியேஜோ போஸ்ட்மார்க்கெட்டோ இருக்கிறதா என்று ஒரு நிமிடம் சரிபார்க்க ஓர் ஆளை உட்கார வைக்கட்டும். கல்லூரி மாணவர் ஒருவர் போதும். தேறுவதைத் தனியே எடுத்து வைத்தால், வாங்கிக்கொள்ளும் படிப்பகங்களும் பள்ளிகளும் உண்டு. தேறாதவற்றில் எத்தனை உடைந்தவை, எத்தனை வெறுமனே பூட்டப்பட்டவை என்று எண்ணிக் குறித்தும் வைக்கட்டும். அந்தக் கணக்கைத் தங்கள் நாளிதழ் வெளியிடுமானால், முகாமுக்கு வரும் கைப்பேசிகளைப் பற்றி மட்டுமல்ல, அவற்றை அனுப்பி வைப்பவர்களைப் பற்றியும் வாசகர்கள் அறிந்துகொள்வார்கள்.

குந்தா பக்கத்திலிருந்து ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, எங்கள் படிப்பகத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் பள்ளிக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தருவதற்கென்று மெமரி கார்டைத் தயார் செய்து, மேலே 'குந்தா' என்று எழுதிய உறையில் போட்டு, இரண்டாவது கைப்பேசியோடு சேர்த்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சேகரிப்பு மையத்துக்கு அதை நான் இன்னும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.